சேலத்துக் கதைகளின் மறுபாதி

"சேலத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது சென்னையில் வேலை. சேலம் என்றால் மாம்பழம், இரும்பாலை, மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு என்று நாலு பெயரைத் தாண்டி ஆபீஸில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. பாடப்புத்தகத்தில் வராத, அதே சமயம் நம்பிச் சொல்லக்கூடிய வரலாற்றுக் கதைகள் நம் ஊருக்கு இருக்கின்றனவா? உங்கள் சொந்த அபிப்பிராயத்தோடு சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கின்றன, தாராளமாக. ஆனால் தஞ்சாவூர்க்காரருக்கும் மதுரைக்காரருக்கும் இருக்கிற வசதி நமக்குக் கிடையாது. அங்கெல்லாம் கோயிலுக்குள் போனால் சுவரிலேயே பாதி வரலாறு வெட்டி வைத்திருக்கும். சேலத்துக் கதைகள் இங்கே தொடங்கி வேறெங்கோ போய் முடியும். அல்லது வேறெங்கோ தொடங்கி இங்கே வந்து முடியும். மறுபாதி இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில், கண்ணூரில், யாழ்ப்பாணத்தில் கிடக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு அவர்கள் பாதி தெரிந்திருக்கும். நம்மிடம் இருக்கிற பாதியை நாம் கேட்டுக்கொள்வதே இல்லை. நான் பல வருடம் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இரும்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கஞ்சமலைக்குச் சித்தர் கோயில் வழியாகப் போயிருப்பீர்கள். அமாவாசைக் கூட்டத்தோடு போகாமல், நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் மலையடிவாரத்து ஓடைப்பக்கம் போய்ப் பாருங்கள். மணலில் கோடு கோடாகக் கருப்பு படிந்திருக்கும். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை ஒரு காகிதத்தில் சுற்றி அந்த மணல் மேல் ஓட்டினால், முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு கருப்பு மணல் ஏறி ஒட்டும். காகிதத்தை உருவினால் பொலபொலவென்று கொட்டிவிடும். என் பிள்ளைகளுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. மலை முழுக்க அடுக்கடுக்காக இருக்கிற இரும்புக் கனிமம் கரைந்து வருகிற மணல் அது.

இந்த மணலை வைத்து நம் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இரும்பு உருக்கி வந்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான மண் உலை. ஆட்டுத்தோல் துருத்தி. அடுப்புக்கரி. மூன்று நான்கு மணி நேரம் விடாமல் ஊதினால் அடியில் ஒரு இரும்புக் கட்டி சேரும். எஃகு வேண்டுமென்றால் அந்த இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, மூசை என்கிற சிறு மண் குடுவைக்குள் ஆவாரங்குச்சியோடு போட்டு, மேலே எருக்கிலையால் மூடி, களிமண் வைத்து அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கி மறுபடி ஊதுவார்கள். குச்சியும் இலையும் கருகி அதில் இருக்கிற கரி இரும்புக்குள் ஏறும். உலோகவியல் படித்தவனாகச் சொல்கிறேன், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாய் அடைத்த மூசைக்குள் வெளிக்காற்று போகாது. கரி ஏறுவதற்கு அதுதான் முக்கியம்.

ஆவாரையும் எருக்கும் நமக்கு எப்படித் தெரியும்? ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் எழுதி வைத்ததால். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக அதிகாரியாகச் சேலத்தில் இருந்தவர். நெசவாளரிடம் துணி வாங்கிக் கப்பலுக்கு அனுப்புவதுதான் அந்த உத்தியோகம். மனுஷனுக்கு ஆசை இரும்பு மேல் விழுந்தது. கம்பெனியிடம் சிறப்பு உரிமை வாங்கி, வேலையை விட்டு, 1830 வாக்கில் கடலோரப் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தார். ஏன் கஞ்சமலைக்குப் பக்கத்தில் வைக்காமல் அத்தனை தூரம் போனார் என்றால், கப்பல். கனிமத்தை வண்டியில் காவிரிக்கரைக்குக் கொண்டு போய், தண்ணீர் ஓடுகிற மாதங்களில் பரிசலில் ஏற்றி, கொள்ளிடம் வழியாகக் கடற்கரைக்கு இறக்கினார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்டால் தாங்காது. நிலக்கரி கிடையாது, எல்லாம் மரக்கரி. ஊதுலைக்குத் தீனி போட்டே சுற்றுவட்டக் காடு கரைந்தது. கரி தூரத்திலிருந்து வர வர விலை ஏறியது. அரசாங்கத்திடம் கடன் மேல் கடன். ஹீத்துக்குப் பிறகும் கம்பெனி பெயர் மாறி, கைமாறிச் சில காலம் இழுத்துக்கொண்டு கிடந்து அடங்கிவிட்டது. அந்த இரும்பு பிரிட்டனின் வேல்ஸில் 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்குப் போனது என்று பழைய மாவட்டப் பதிவுகள் சொல்கின்றன. கூடவே மெனாய் தொங்கு பாலத்துக்கும் போனது என்று ஒரு வரி எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மெனாய் தொங்கு பாலம் திறந்தது 1826-ல்; பரங்கிப்பேட்டை ஆலை அதற்குப் பின்னால் வந்தது. பெருமைக்காகச் சொல்வதென்றாலும் தேதியைப் பார்த்துச் சொல்லலாம்.

ஹீத்தின் மறுபாதி ஷெஃபீல்டில். ஊர் திரும்பிய அவர் 1839-ல் ஒரு காப்புரிமை வாங்கினார்: எஃகு உருக்கும்போது மாங்கனீசைக் கரியோடு சேர்த்துச் செய்த கலவை ஒன்றைக் கொஞ்சம் போட்டால் எஃகு உறுதியாகவும், அடித்து ஒட்ட வைக்கிற தன்மையோடும் வரும். இன்றைக்கும் எஃகில் மாங்கனீசு இருக்கிறது. வேதியியல் ஆய்வறிக்கையில் அந்தக் கட்டத்தை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன். ஷெஃபீல்டில் எஃகு விலை இறங்கியது. ஹீத்துக்கு என்ன கிடைத்தது? அந்தக் கலவையைத் தனியாகச் செய்து போடத் தேவையில்லை, மாங்கனீசு ஆக்சைடையும் கரித்தாரையும் நேராக மூசையில் போட்டாலே போதும், செலவு குறையும் என்று பிறகு கண்டுபிடித்துத் தன் முகவரிடம் சொன்னார். முகவர் அதைத் தன் சொந்தத் தொழிலாக ஆரம்பித்துவிட்டார். வழக்கு வருடக்கணக்கில் ஓடியது. 'காப்புரிமையில் எழுதியிருப்பது கலவை. இவர்கள் போடுவது ஆக்சைடு' என்பதுதான் எதிர்த் தரப்பின் வாதம். ஹீத் 1851-ல் இறந்தார். அந்த நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பு சொன்னது 1855-ல். அதுவும் அவருக்கு எதிராக.

பறவை, விலங்கு சேகரிப்பதிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. அதனால் நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் தொங்குகிற ஒரு மஞ்சள் வௌவாலின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது: ஸ்கோட்டோஃபிலஸ் ஹீத்தி. எஃகு உலகத்தில் நிலைக்காத பெயர் வௌவாலில் நிலைத்திருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்லும்போது பலர் ஹீத்துக்காகப் பரிதாபப்படுவார்கள். எனக்கு அந்த அளவுக்குப் பரிதாபம் வருவதில்லை. அவர் உட்கார்ந்து பார்த்து எழுதிய உலைக்காரர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் எந்த இடத்திலும் பார்த்ததில்லை. எத்தனை நேரம் ஊத வேண்டும், எந்தச் செடியின் குச்சி, எந்த இலை எல்லாம் அவர்கள் கைப்பக்குவம். கப்பலில் வந்த சீமை இரும்பின் விலைக்கு முன்னால் அந்த உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவர்களுக்குத் தோற்பதற்குக்கூட ஒரு வழக்கு இல்லை.

சரி, இப்போதைய இரும்பாலை? 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1982-ல் உற்பத்தி தொடங்கியது. கஞ்சமலையை நம்பித்தான் இங்கே ஆலை வேண்டுமென்று இத்தனை வருடம் போராடினார்கள். வந்தது என்னவோ துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டுகிற ஆலை. வெளியூரிலிருந்து சுருள் சுருளாக வந்த தகட்டைத்தான் நாங்கள் உருட்டினோம். கஞ்சமலை ஜன்னல் வழியாகத் தெரிந்துகொண்டே இருக்கும்; அதிலிருந்து ஒரு பிடி மண் உள்ளே வராது. புதிதாகச் சேருகிற பையன்களிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

ஆலையில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். என் பிரிவில் கண்ணூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர். சேர்ந்த புதிதில் கேண்டீனில் சொன்னார்: "எங்க ஊர்ல சேலம்னா மாம்பழம் இல்ல சேட்டா, ஜெயில்." எனக்குப் புரியவில்லை. எந்த ஜெயில் என்று கேட்டேன். நான் சேலத்துக்காரன் என்பதையே அன்றைக்கு அவர் சந்தேகப்பட்டிருப்பார்.

1950 பிப்ரவரி 11. நாடு குடியரசாகிப் பதினாறு நாள். சேலம் மத்திய சிறையில் அடைத்து வைத்திருந்த கம்யூனிஸ்ட் கைதிகள் மீது சிறைக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள், பலர் காயமடைந்தார்கள். தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்பது அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த விஷயம். மலபார் அப்போது சென்னை மாநிலத்தில் ஒரு மாவட்டம், அதனால்தான் அங்கே பிடித்தவர்களை இங்கே கொண்டு வந்து அடைத்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்து விவசாயிகள். காவும்பாயி என்று கண்ணூர் மாவட்டத்தில் ஒரு மலையடிவார ஊர். அங்கே 1946 டிசம்பர் 30-ம் தேதி, தரிசு நிலத்தில் பயிரிடும் உரிமைக்காகக் கூடிய விவசாயிகளைப் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் கைதாகிச் சேலத்துக்கு வந்தவர்களில் தளியன் ராமன் நம்பியாரும் ஒருவர். சிறையில் நடந்த சூட்டில் அவர் இறந்தார். அதே சிறையில் இருந்த அவர் மகன் பிழைத்தார்.

அந்த ஊர்களில் இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். இங்கே ஒவ்வொரு பிப்ரவரி 11-ம் தேதியும் இடதுசாரித் தோழர்கள் அஞ்சலி செலுத்துகிறார்கள். மறுநாள் பேப்பரில் ஒரு சின்னப் படம் வரும். மற்றபடி சிறை இருக்கிற அஸ்தம்பட்டிப் பக்கம் தினமும் போய் வருகிறவர்களைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. கட்சிச் சார்பான கதை என்று ஒதுக்கிவிட்டோம் என்று நினைக்கிறேன். இறந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள் இல்லை என்பதும் ஒரு காரணம். சுட்ட இடம் நம் ஊர்தானே? சுதந்திர நாட்டின் சிறைக்குள், வெளியே ஓட வழியில்லாதவர்கள் மீது நடந்தது என்பதால் கட்சியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இது சேலத்தின் வரலாற்றில் முன்வரிசையில் இருக்க வேண்டிய சம்பவம். என் தலைமுறை இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டது சரியில்லை.

ஜெயில், கோர்ட் என்று பேச்சு வந்ததால் சேலம் விஜயராகவாச்சாரியார். சிலைக்குக் கீழே பெயர் படித்திருப்பீர்கள். 1882 ஆகஸ்டில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மசூதி தொடர்பான தகராறு மோசமான கலவரமாக வெடித்தது. அப்போது நகரசபை உறுப்பினராக இருந்த இளம் வக்கீல் இவர். கலவரத்தைத் தூண்டினார் என்று வழக்குப் போட்டு பத்து வருடத் தண்டனை கொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏர்ட்லி நார்ட்டன் வாதாடினார், விடுதலை. மற்றவர்கள் என்றால் அதோடு விட்டிருப்பார்கள். இவர் நகரசபையிலிருந்து தன்னை நீக்கியது தவறு என்று அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு 100 ரூபாய் நஷ்ட ஈடு வாங்கினார். அதோடு, அதே வழக்கில் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்கள் விடுதலையாகவும் பாடுபட்டு வெற்றி பெற்றார். 1920 நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர் இவர்தான். காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தில் தலைவருக்கே முழு உடன்பாடு இல்லை என்பது கூடுதல் சுவாரஸ்யம். 1944 வரை வாழ்ந்தார்.

ராஜாஜி பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், இரண்டே விஷயம் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1917 முதல் 1919 வரை அவர் சேலம் நகரசபைத் தலைவர். அக்ரஹாரத்துக் குடிநீர்க் குழாயைத் திறந்து மூடும் வேலைக்கு ஒரு தலித் ஊழியரைப் போட்டார். தெருவே எதிர்த்தது. அவர் மாற்றவில்லை, தண்ணீர் வேண்டுமென்றால் அந்தக் கை திறக்கிற தண்ணீர்தான். இன்னொன்று, 1937 அக்டோபர் 1-ம் தேதி சென்னை மாகாணத்தின் முதல் மதுவிலக்கு சேலம் மாவட்டத்தில் அமலானது. சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அது. ஓட்டல் பில்லில் ஜிஎஸ்டியைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறோமே, அதன் தாத்தாவுக்குச் சேலத்துக் கள்ளுக்கடைகளோடு உறவு உண்டு.

இனி மலைக்குப் போவோம். முதலில் ஒரு களையைப் பிடுங்கிவிடுவோம். ஏற்காட்டைப் பற்றிய சுற்றுலாத் துண்டறிக்கை, யூடியூப் காணொளி எதைப் பார்த்தாலும் '1842-ல் சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டறிந்தார்' என்று வரும். மன்றோ 1827 ஜூலையிலேயே பத்திகொண்டாவில் காலராவில் போய்ச் சேர்ந்துவிட்டார். நம் பக்கத்தில் அவர் இருந்தது 1792-க்குப் பிறகு, திப்புவிடமிருந்து பாரமகாலும் (கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் கம்பெனி கைக்கு வந்தபோது, கலெக்டர் ரீடின் உதவியாளராக. ஏற்காட்டில் காப்பிச் செடியை வேரூன்ற வைத்தது 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். மலைமேல் அதற்கு முன்பே மலையாளி மக்கள் தலைமுறைகளாக இருந்தார்கள் என்பதால் 'கண்டறிந்தார்' என்ற சொல்லே யாருக்கும் பொருந்தாது.

பெயரைப் பார்த்து மலையாளம் பேசுகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் என்பது அவர்கள் சொல்லும் கதை. பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணனும் சின்னண்ணனும் வேறு மலைகளுக்கும் போனார்களாம். மலை உச்சியில் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் குகைக்குள் கோயில். மே மாதத் திருவிழாவில் போனீர்கள் என்றால் டூரிஸ்ட் ஏற்காடு வேறு, அவர்கள் மலை வேறு என்பது தெரியும்.

ஏற்காட்டு ஏரி, லேடீஸ் சீட் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்பவர்களை நான் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு அனுப்புவேன். அங்கே ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் சாம்பல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர். 1863 மே 30-ம் தேதி சென்னைப் பல்லாவரத்தில் செம்புரைச் சரளை மண்ணுக்குள்ளிருந்து ஒரு கற்கோடாரியை எடுத்தார். அதே வருடம் செப்டம்பரில் வில்லியம் கிங்கும் அவரும் அத்திரம்பாக்கத்தில் மேலும் கண்டெடுத்தார்கள். இந்த மண்ணில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவரை கையில் ஆதாரம் இல்லை. புவியியல் துறை ஆளாக அவர் சேலம் மாவட்டத்தையும் அந்த நாட்களிலேயே கிங்கோடு சேர்ந்து அளந்திருந்தார். ஓய்வுக்குப் பிறகு குடியேறியது ஏற்காட்டில், ஐவி காட்டேஜ் என்ற வீட்டில்.

சேர்வராயன் மலை அவருக்குப் பிடித்துப்போனதற்கு குளிர் மட்டும் காரணமாக இருந்திருக்காது. இங்கே புதிய கற்காலத்துக் கோடாரிகள் ஏராளம். கருங்கல்லைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு முனையைக் கூராக்கியவை. உள்ளங்கையில் வைத்தால் அடங்கும். உழும்போதும் தோட்டம் வெட்டும்போதும் கிடைத்த இந்தக் கற்களை மலையாளிகள் தூக்கி எறியவில்லை. பிள்ளையார் கோயில்களில் சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார்கள். ஃபுட் எண் போட்டுப் பட்டியல் எழுதினார். அவர்கள் எண்ணெய் தடவிப் பொட்டு வைத்தார்கள். ஆயிரக்கணக்கான வருடம் கழித்து ஒரு கருவி உடையாமல் கையில் கிடைக்க இரண்டு வழியும் உதவியிருக்கிறது. பட்டியல் போட்டவர் பெயர் மட்டும் நமக்குத் தெரிகிறது என்பதில் ஹீத் கதை மறுபடி எட்டிப் பார்க்கிறது.

ஃபுட் கல்கத்தாவில் 1912 டிசம்பர் 29-ம் தேதி இறந்தார். சாம்பல்தான் மலையேறி வந்தது. இதில் கல் சம்பந்தமாக எனக்குப் பிடித்த ஒரு ஒற்றுமை உண்டு. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறை. பல்லாவரம் குன்றும் அதே பாறைதான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்த வகைக் கல் என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பெயரை வைத்தார். பல்லாவரத்தில் தொடங்கி, கல்கத்தாவில் முடிந்து, ஏற்காட்டில் அடங்கிய மனிதர் ஒரே பாறையை விட்டு விலகவில்லை என்று சொல்லலாம்.

ஃபுட்டின் மாமனாரைத் தெரிந்தால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் அவர் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே ஆசிரியரானவர் ஆறுமுக நாவலர். பைபிளைத் தமிழாக்கும் வேலையில் பெர்சிவலுக்கு வலது கையாக இருந்தவர் நாவலர்தான். 1848-ல் இருவரும் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்து மழவை மகாலிங்கையரிடம் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். ஒரு கிறிஸ்தவப் பாதிரியார், ஒரு தீவிர சைவர், ஒரு பிராமணப் புலவர் மூன்று பேரும் பைபிளின் தமிழ் நடையை வைத்து உட்கார்ந்திருக்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். ஊர் திரும்பிய நாவலர் அதே ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டு வேலையை விட்டார். சம்பளத்தை உயர்த்துகிறேன் இருங்கள் என்று பெர்சிவல் கெஞ்சியதாக நாவலர் சரித்திரம் எழுதியவர்கள் சொல்வார்கள்.

பெர்சிவலும் பிறகு மெதடிஸ்ட் சபையை விட்டுச் சென்னைக்கு வந்தார். 1855-ல் தினவர்த்தமானி என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு ஆசிரியராக அவர் யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தது சி. வை. தாமோதரம் பிள்ளையை. ஏட்டுச்சுவடியில் கிடந்த பழைய இலக்கண இலக்கியங்களை அச்சுக்குக் கொண்டுவந்த அதே தாமோதரம் பிள்ளை. மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் வேலையும் பார்த்துக்கொண்டு, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874-ல் பதிப்பித்தார் பெர்சிவல். கடைசிக் காலத்தில் ஏற்காட்டுக்கு வந்து 1882 ஜூலை 11-ம் தேதி இங்கேயே இறந்தார்.

நாவலரைப் பற்றி எழுதுகிற யாழ்ப்பாணத்தார் பெர்சிவலை 1848-க்குப் பிறகு விட்டுவிடுகிறார்கள். கற்கால ஆராய்ச்சிக்காரர்கள் ஃபுட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாமனாரின் கடைசிக்கும் மருமகனின் கடைசிக்கும் இந்த ஒரே மலைதான் சாட்சி. சேலத்தில் யாராவது இதை ஒட்ட வைத்து எழுதியிருக்க வேண்டும். பழமொழிக்காரர் இறந்த ஊரில் வருடா வருடம் மலர்க் கண்காட்சி நடத்துகிறோம், ஒரு பழமொழிப் போட்டி நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக, சாப்பாட்டு விஷயம். ஜவ்வரிசி சேலத்தின் ஆதிகாலத் தொழில் என்று நினைக்கிறவர்கள் அதிகம். அது இரண்டாம் உலகப்போரின் குழந்தை. அதுவரை ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பலில் வந்தது. ஜப்பான்காரன் அங்கே புகுந்ததும் வரத்து நின்றது. கேரளத்துக் கிழங்கு மாவைப் பற்றித் தெரிந்த சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் ஜவ்வரிசி செய்வதைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவும் 1943-ல் சேர்ந்து கைக்குக் கிடைத்ததை வைத்து ஆரம்பித்தார்கள். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பாலெடுத்து, படிந்த மாவைத் துணித் தொட்டிலில் போட்டு ஆட்டினால் மணி மணியாக உருளும். சூட்டுத் தட்டில் வறுத்துக் களத்தில் காயப்போட்டால் ஜவ்வரிசி. இப்போது எல்லாம் மெஷின். ஆத்தூர் ரோட்டில் போகும்போது புளித்த வாடை மூக்கைத் துளைத்தால் ஜன்னலைச் சாத்தாமல் கொஞ்சம் பினாங்கையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். சென்னையிலேயே இருக்கிறீர்கள், வசதியாகப் போயிற்று. ஃபுட் தன் சேகரிப்பை 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். நம் மலையில் எடுத்த கோடாரிகளும் அதில் சேர்த்தி. எழும்பூரில் இறங்கி நடக்கிற தூரம்தான். தொல்பழங்காலப் பிரிவு எது என்று கேட்டுக்கொண்டு போய், சேர்வராயன் மலை என்று சீட்டு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, அன்றைக்குப் போய் வாசலில் நிற்காதீர்கள்.